கரை ஏறாத கேமரா

தமிழில் பைக் பயண வீடியோவுக்குன்னு ஒரு இலக்கணம் உருவாகி, நல்லா கெட்டிப்பட்டும் போச்சு. விடிகாலை நாலு மணி, இருட்டு, கேட்டைத் திறந்து வண்டியை வெளியே தள்ளுற சத்தம். பெட்ரோல் பங்கில் டேங்க் ஃபுல். பின்னால் கட்டின பைகளை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறது. "வணக்கம் மக்களே." சுங்கச்சாவடியில் இடது ஓரத்துச் சந்து வழியா காசு கட்டாம நுழையிற சந்தோஷம். ஆறரைக்கு சூரியன். ஏழரைக்குப் பொங்கல், வடை. அப்புறம் சாலை, சாலை, மறுபடியும் சாலை. கடைசியில் தண்ணீர். தண்ணீர் வந்ததும் இசை மாறும், ட்ரோன் மேலே ஏறும், வண்டி ஒரு புள்ளியா சுருங்கும், சுத்திலும் நீலம். "சொல்ல வார்த்தையே இல்ல மக்களே"ன்னு சொல்லிட்டு அடுத்த மூணு நிமிஷம் பேசுவாங்க.

கிண்டல் பண்றதுக்காக இதை எழுதலை. இந்த வகை வீடியோக்களை நான் விடாம பார்க்கிறவன். தமிழ்ப் பயண எழுத்து ரொம்ப காலம் கப்பலிலும் ரயிலிலும் விமானத்திலும் போகக் கூடியவங்க கையில் இருந்தது. இப்போ தவணையில் வாங்கின வண்டியில், நாலு நாள் லீவு சொல்லிட்டு, ரெண்டு பேரா சேர்ந்து போய் வர்றவங்க கதை சொல்றாங்க. எந்த ஊரில் ரூம் எவ்வளவு, எங்கே ரோடு மோசம், செயின் கழண்டா என்ன செய்யணும், எல்லாம் அதில் இருக்கு. எந்தப் பத்திரிகைப் பயணக் கட்டுரையும் இந்த உதவியைச் செஞ்சதில்லை.

ஆனா ஒரு கேள்வி ரொம்ப நாளா உறுத்துது. இந்த வகைக்குத் தண்ணீர்னா என்ன? ஏரிக்கரை, காயல், தீவுன்னு நாலஞ்சு நாள் சுத்துற வீடியோக்களை மட்டும் எடுத்துக்கிட்டு யோசிச்சா, ஒரே விடைதான் வருது. ஆள் இல்லாத தண்ணீர். ஆள் இருந்தாலும் படத்தில் இல்லாம ஆக்கப்பட்ட தண்ணீர்.

இந்த ஆசைக்கு ஒரு மூலப்படம் இருக்கு. 2009-இல் வந்த '3 இடியட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சி, லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில். நாலாயிரம் மீட்டருக்கும் மேலே, நீலத் தண்ணீர், மொட்டை மலை, ஈ காக்கா இல்லை. அதுக்கப்புறம் பாங்காங் ஒவ்வொரு பைக் பிரியரின் பட்டியலிலும் முதல் இடத்துக்கு வந்துடுச்சு. அந்த மேட்டு நிலத்தில் ஆடு மேய்ச்சு, பஷ்மினா ரோமம் கொடுக்கிற சாங்பா மக்கள் படத்துக்கு வெளியே நின்னாங்க. ஷங்கர் 2012-இல் அதைத் தமிழில் 'நண்பன்' ஆக்கினப்போ லடாக்குக்குப் பதிலா கதை எங்கே போச்சு தெரியுமா? தனுஷ்கோடிக்கு. இமயமலை உப்பு ஏரிக்கும் ராமேஸ்வரம் தீவின் மணல் முனைக்கும் என்ன சம்பந்தம்? கேமரா கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சுத்திலும் தண்ணீர், நடுவில் நாயகன், வேற யாரும் வேண்டாம்.

தனுஷ்கோடி பத்தின பைக் வீடியோ எதை எடுத்தாலும் "ஆவி நகரம்"ங்கிற சொல் வரும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோட கடலில் போனது, இடிஞ்ச தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம். இதெல்லாம் உண்மை. ஆனா அந்த இடிஞ்ச சுவருக்குப் பின்னாடியே குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் வாழ்றாங்க. கரைவலை இழுக்கிறாங்க. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு 2017-இல்தான் திறக்கப்பட்டது. அதுக்கு முன்னாடி மணலில் வேன் ஓட்டி ஆட்களைக் கூட்டிட்டுப் போனவங்க உள்ளூர்க்காரங்க. ரோடு வந்ததும் பைக்காரருக்கு அவங்க தேவைப்படலை. வீடியோவில் இதைப் பத்தி ஒரு வரி இருக்காது. ரோடு மட்டும் வரும், ரெண்டு பக்கமும் கடலோட. "இடது பக்கம் வங்காள விரிகுடா, வலது பக்கம் இந்தியப் பெருங்கடல்." மன்னார் வளைகுடான்னு சொல்றவங்களே குறைச்சல்.

பழவேற்காடு கதை இன்னும் சுவாரசியம். சென்னையிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம்ங்கிறதால புது வண்டி வாங்கினவங்க முதல் சவாரி பெரும்பாலும் அங்கேதான். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் ரெண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். டச்சுக்காரங்க 1613-இல் கட்டின கெல்ட்ரியா கோட்டையின் தடம், மண்டையோடு செதுக்கின டச்சுக் கல்லறைகள், குளிர்காலத்தில் பூநாரைகள், வடக்கே ராக்கெட் ஏவுற ஸ்ரீஹரிகோட்டா தீவு. வீடியோவில் இதெல்லாம் வந்துடும். வராத விஷயம் பாடு. காயலின் எந்தப் பகுதியில், எந்த நாளில், எந்த ஊர்க்காரங்க வலை போடலாம்னு மீனவர்கள் தங்களுக்குள் முறை வெச்சுப் பிரிச்சுக்கிற ஏற்பாட்டுக்குப் பேர் பாடு. ட்ரோன் மேலேயிருந்து பார்க்கிறப்போ வெறும் வெள்ளித் தகடு மாதிரி தெரியிற அந்தத் தண்ணீர் முழுக்க இப்படிக் கோடு போட்டுப் பங்கு பிரிச்சது. கண்ணுக்குத் தெரியாத வயல் மாதிரி. கழுத்தளவு தண்ணியில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்கள் சில வீடியோக்களில் ஓரமா வந்து போவாங்க, "ஏதோ பண்றாங்க"ங்கிற அளவில்.

அந்தக் காயலுக்குத் தெற்கே இருக்கிற எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாத்தான் ஒரகடத்தில் செய்யிற நிசான் கார்கள் கப்பல் ஏறுது. அதாவது ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்துச் சரக்கு இந்த ஏரிக்கரைப் பயணத்தை ட்ரெய்லர் முதுகில் முன்னாடியே செஞ்சு முடிச்சிருக்கு. யாரும் படம் எடுக்காத பயணம்.

ஒரகடத்தை இந்த இடத்தில் இழுக்கக் காரணம் இருக்கு. இந்த வீடியோக்களில் ஓடுற வண்டிகளில் பெரும்பங்கு அங்கே பிறந்தது. ராயல் என்ஃபீல்டு 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கினாலும், 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. யமஹா 2015-இல் அதே வல்லம் வடகாலுக்கு வந்தது. டயர் கூட வெளியே போக வேண்டாம், அப்போலோ ஆலை ஒரகடத்திலேயே இருக்கு. 'ஹிமாலயன்'னு பேர் வெச்ச வண்டி, இமயமலைக்கு ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கும் அதிகமா தெற்கே, செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை.

அந்தச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமைக்கு ஒரு காலத்தில் பட்டப்பேரே ஏரி மாவட்டம். ஏரி தேடி அந்த வண்டியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போறாங்க. வண்டி பிறந்த ஊரில் ஏரி கண்ணில் படலை. ஏன்?

அலட்சியம், மோகம்னு சுலபமா சொல்லிடலாம். எனக்கு அந்தப் பதில் போதாது. காரணம் இந்த வகையின் வடிவத்திலேயே இருக்கு. கேமரா எங்கே மாட்டியிருக்குன்னு பாருங்க. ஹெல்மெட்டின் தாடையில். வண்டி ஓடிக்கிட்டே இருக்கும்போது சாலை எதைக் காட்டுதோ அதைத்தான் அது பார்க்கும். பாங்காங் அதுக்குத் தோது, சாலை வளைஞ்சதும் தண்ணீர் எதிரே விரியும். தனுஷ்கோடியும் அப்படியே. ஆனா நம்ம ஏரி அப்படி இல்லை. சாலையிலிருந்து பார்த்தா அது ஒரு நீள மண்மேடு. மேலே பனைமரம், எங்கேயோ ஒரு கன்னிமார் கல், கருவேலம். தண்ணீர் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம். பல இடத்தில் நாம ஓட்டிக்கிட்டுப் போற சாலையே ஏரித் தண்ணீரை விடத் தாழ்வா இருக்கும். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இறங்கி, கரை மேலே ஏறினாத்தான் ஏரி. எட்டு மணிக்குள்ள இருநூறு கிலோமீட்டர் தாண்டணும்னு கணக்கு வெச்சிருக்கிற வகையில் இதுக்கு இடமே இல்லை.

சரி, ஏறினா என்ன தெரியும்? அழகான காட்சிதான், ஆனா உடனே இன்னொண்ணும் தெரிய ஆரம்பிக்கும். இது யாரோ செஞ்ச பொருள். கரை ஒரு பக்கம் மட்டும் இருக்கும், வில் மாதிரி வளைஞ்சு. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும், அங்கேயிருந்து வரத்துக்கால் வழியா தண்ணீர் வரும். கரையின் அடியில் மதகு, அது வழியா ஆயக்கட்டு வயலுக்குப் போகும். ஒரு ஓரத்தில் கரையை விடத் தாழ்வா கல்லு பதிச்ச கலங்கல். ஏரி நிரம்பினா உபரி அதில் வழிஞ்சு அடுத்த ஏரிக்கு ஓடும். அதனால ஒரு ஏரின்னு எதுவும் தனியா இல்லை. மேலே இருக்கிறது, கீழே இருக்கிறது, நடுவில் இருக்கிறதுன்னு ஒரு சங்கிலி. தாங்கல்னு முடியிற ஊர்ப் பேர்களை எண்ணிப் பாருங்க. வேடந்தாங்கலும் அதில் ஒண்ணு. தாங்கல்னா சின்ன ஏரி.

இந்தப் பக்கத்துச் சங்கிலியில் ரொம்பப் பெரியது தென்னேரி. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போற வழியில் வடக்கே திரும்பணும். திரையன் ஏரிங்கிற பழைய பேர்தான் தென்னேரி ஆச்சு, தொண்டைமான் இளந்திரையன் பேர் அதுன்னு சொல்வாங்க. அரசன் கதை எப்படியோ இருக்கட்டும். அதன் கரையில் நடந்தா ஒரு தொழிற்சாலைக்குள்ள நடக்கிற மாதிரிதான் இருக்கும். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே கரை தடிமன். அலை அடிக்கிற பக்கம் கல் பாவியிருக்கு. ஒவ்வொரு மதகும் ஒரு கணக்கு.

இன்னும் தெற்கே, பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டுன்னு பாடப்புத்தகத்தில் படிச்சதுதான், முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. அதைப் பார்க்க வர்ற பைக்காரர்கள் "உலகின் முதல் ஜனநாயகம்"னு சொல்லிட்டு, கோயிலில் செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆனா அந்தக் கல்வெட்டு எதுக்காக ஆள் தேர்ந்தெடுக்குதுன்னு படிச்சா, தோட்ட வாரியம் பன்னிரண்டு பேர், ஏரி வாரியம் ஆறு பேர்னு வரும். அந்த ஆறு பேர் பார்த்துக்கிட்ட வைரமேக தடாகம் ஊருக்கு வெளியே இன்னைக்கும் கிடக்கு. பல்லவ தந்திவர்மன் காலத்து ஏரி. வருஷா வருஷம் தூர்வாரப் பொன் வெச்ச செய்தியும் கல்வெட்டில் இருக்கு. கோயிலைப் பார்த்துட்டு ஏரியைப் பார்க்காம வர்றது, ஆபீஸை மட்டும் பார்த்துட்டு ஆலைக்குள்ள போகாம திரும்புற மாதிரி. (அந்தச் சபை பிராமணச் சபை. நிலமும் வீடும் வேதமும் இருந்தவங்க பேர்தான் குடத்தில் விழுந்தது. தூர் அள்ளினவங்க பேர் குடத்திலும் இல்லை, கல்லிலும் இல்லை. கல்வெட்டும் ஒரு வகையில் ட்ரோன் ஷாட்தான்.)

அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் போனா வேடந்தாங்கல், அப்புறம் மதுராந்தகம். ரெண்டு இடத்துக்கும் பொதுவா ஒரு ஆள் வர்றார், 1790களில் இந்தச் சீமைக்குக் கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ். வேடந்தாங்கல் மக்கள் பறவையைச் சுடக்கூடாதுன்னு கம்பெனிக்காரங்ககிட்ட உத்தரவு வாங்கினது அவர் காலத்தில். மதுராந்தகத்தில் உடைய இருந்த கரையை ராமர் காத்தார்னு சொல்ற ஏரி காத்த ராமர் கோயில் கதையிலும் அவர்தான் கலெக்டர். ரெண்டு கதையையும் சேர்த்து வெச்சா ஒரு விஷயம் புரியும். வேடந்தாங்கல் பறவைகளை மக்கள் காப்பாத்தினது அழகுக்காக மட்டும் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். பறவை, தண்ணி, நெல் மூணும் ஒரே கணக்கு. இன்னைக்கு வர்ற வீடியோவில் பறவை மட்டும் இருக்கு, அதுவும் பெரிய லென்ஸில் பின்னணி மங்கலாகி.

எல்லாப் பைக் பயணப் படமும் இப்படித்தான் இருக்கணுமா? இல்லைங்கிறதுக்கு வால்டர் சாலஸ் 2004-இல் எடுத்த 'மோட்டார்சைக்கிள் டைரீஸ்' சாட்சி. 1952-இல் எர்னெஸ்டோ குவேராவும் ஆல்பர்டோ கிரனாடோவும் ஒரு பழைய நார்ட்டன் 500-இல் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பின கதை. முதல் பாதி நம்ம வீடியோ மாதிரியே இருக்கும். பனிமலை, ஏரி, விழுந்து எழுந்து சிரிப்பு. வண்டிக்குப் பேரே 'லா போதெரோசா', வல்லமை மிக்கவள். அந்த வல்லமை மிக்கவள் சிலியில் செத்துப் போறா. படம் அப்போதான் ஆரம்பிக்குது. நடக்கிறாங்க, லாரியில் தொத்துறாங்க, பாலைவனத்தில் வேலை தேடிப் போற சுரங்கத் தொழிலாளித் தம்பதியைப் பார்க்கிறாங்க. அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோய் இல்லம். ஆற்றின் ஒரு பக்கம் மருத்துவர்கள், மறுபக்கம் நோயாளிகள். அங்கே தண்ணீர் காட்சிப் பொருளா இருக்க முடியலை, ஆட்களைப் பிரிக்கிற எல்லையா ஆயிடுது. எர்னெஸ்டோ ராத்திரியில் நீந்திக் கடக்கிற இடத்தில் படம் அவரைக் கொஞ்சம் அதிகமாவே நாயகனாக்குது, அது எனக்கு உவப்பா இல்லை. ஆனா நடுநடுவே, வழியில் பார்த்த முகங்கள் கறுப்பு வெள்ளையில், அசையாம, கேமராவை நேரா பார்த்து நிக்கும். எந்தப் பைக் வீடியோவிலும் யாரும் கேமராவை இவ்வளவு நேரம் திருப்பிப் பார்த்ததில்லை. டீக்கடை அண்ணன் வருவார், இருபது வினாடி, "எங்கேயிருந்து வர்றீங்க தம்பி"ன்னு கேட்பார், போயிடுவார். அவர் எங்கேயிருந்து வந்தார்னு யாரும் திருப்பிக் கேட்கிறதில்லை.

நம்ம மொழியிலேயே தண்ணீரைப் பின்தொடர்ந்த ஒரு புத்தகம் இருக்கு. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதின 'நடந்தாய் வாழி காவேரி'. பைக் இல்லை, கார். கோயில், சங்கீதம், இலக்கியம்னு ஒரு பக்கமாச் சாயும் புத்தகம், சேற்றில் நிக்கிறவங்க குறைவு. ஆனாலும் அதோட அமைப்பு எனக்குப் பெரிய பாடம். வழியைத் தீர்மானிக்கிறது ஆறு. எங்கே திரும்பணும், எங்கே நிக்கணும்ங்கிறதைக் காவிரி சொல்லுது. பைக் வீடியோவில் வழியைச் சொல்றது கூகுள் மேப், நிக்கிற இடத்தைச் சொல்றது போன தடவை இன்னொருத்தர் போட்ட வீடியோ.

இப்போ ஆலைக்குள்ள ஒரு நிமிஷம். கோர்த்து முடிச்ச மோட்டார்சைக்கிளை வெளியே விடறதுக்கு முன்னாடி உருளை மேலே ஏத்தி ஓட்டிப் பார்ப்பாங்க. கியர் மாறும், வேகமானி ஏறும், சக்கரம் சுத்தும், வண்டி நின்ன இடத்திலேயே நிக்கும். அந்த உருளை மேல நாளெல்லாம் ஓட்டுறவருக்கும், பாங்காங் கரையில் "இதுதான் சுதந்திரம்"னு சொல்றவருக்கும் நடுவில் ஒரு படமும் வரலை. 2018 செப்டம்பரில் யமஹா, ராயல் என்ஃபீல்டு ரெண்டு ஆலைத் தொழிலாளர்களும் இதே பகுதியில் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. சங்கம் வெச்சுக்கிற உரிமை அதில் முக்கியமான விஷயம். யமஹா போராட்டம் நவம்பர் வரைக்கும் நீண்டது. சுதந்திரம்ங்கிற சொல்லைப் பைக்கோட சேர்த்து அத்தனை தடவை சொல்ற ஒரு வகைக்கு, அந்தப் பைக்கைச் செய்றவங்க அதே சொல்லை வேற அர்த்தத்தில் சொன்ன மாசங்கள் கண்ணிலேயே படலை.

அவங்களும் பைக் ஓட்டுறாங்க. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தின ராத்திரி சிங்கப்பெருமாள் கோயில் கூட்டு ரோட்டில் நின்னு பாருங்க. ஒரகடம், வல்லம், மாத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற பையன்கள், ஷிஃப்ட் முடிச்ச கையோட, முன்னாடி ஒரு பை, பின்னாடி ஒரு நண்பன், அவன் மடியில் இன்னொரு பைன்னு ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போவாங்க. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சில பேர் மதுரை தாண்டியும். மதுராந்தகம் ஏரியை இருட்டில் கடப்பாங்க. பார்க்க முடியாது, குளிர்காத்து மட்டும் ஒரு பக்கத்திலிருந்து வந்து அடிக்கும். தமிழ்நாட்டில் நடக்கிற மிகப் பெரிய பைக் பயணம் எனக்குத் தெரிஞ்சு இதுதான். தாடையில் கேமரா கிடையாது.

"பொழுதுபோக்குக்குப் பார்க்கிற வீடியோவில் போய் ஏரி வாரியத்தைத் தேடுறியே"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. வியூன்னு மட்டும் பார்க்கிற கண் வீடியோவோட நின்னிருந்தா நானும் பேசாம இருந்திருப்பேன். ஆனா அதே சொல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து அடுக்குமாடி விளம்பரங்களில் இருக்கு, 'லேக் வியூ'. மூணாவது மாடியிலிருந்து பார்த்தா நீலமா இருக்கணும், அவ்வளவுதான் ஏரிக்கு வேலை. வரத்துக்கால் மேலே காம்பவுண்டு சுவர் வந்தாலும் கொஞ்ச நாள் நீலமாத்தான் இருக்கும். இந்தக் கண்ணுக்குச் சித்திரையில் காய்ஞ்சு கிடக்கிற ஏரி வெறும் காலி இடம். கிரிக்கெட் ஆடுற மைதானம். வருஷத்தில் பாதி நாள் காயுறது ஏரியோட இயல்பு, அது கெட்டுப் போனதுக்கு அடையாளம் கிடையாது. வண்டல் எடுக்கிறதும் மதகு பழுது பார்க்கிறதும் அப்போதான். காலி இடம்னு ஒரு தடவை பேர் விழுந்துட்டா அப்புறம் அங்கே எதை வேணும்னாலும் வரையலாம்.

பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எடுத்துக்குங்க. 2022-லிருந்து ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துப் போராடிக்கிட்டு இருக்காங்க. அவங்க திரும்பத் திரும்பச் சொல்றது வயலும் ஏரியும் போயிடும்ங்கிறதோட, கம்பன் கால்வாயும். பாலாற்று வெள்ளத்தை வழியில் இருக்கிற ஏரிகளுக்கு ஊட்டிக்கிட்டே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவர்ற கால்வாய் அது. திட்ட நிலத்துக்குள்ள வருது. ஒரு ஏரி போனா இன்னொரு இடத்தில் குளம் வெட்டிக் கொடுத்துடலாம்னு சொல்றவங்களுக்கு ஏரி ஒரு தனிப் பொருள், வியூ. சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்தா மேலே வெள்ளம், கீழே வறட்சின்னு ஏகனாபுரத்துக்காரங்க பேசுறது வேற மொழி. நம்ம பக்கத்துப் பயணப் படங்கள் ரெண்டாவது மொழியில் நாலு வார்த்தையாவது கத்துக்கிட்டிருந்தா, அந்தப் பேச்சைக் கேட்கிற நகரத்துக்காரங்களுக்கு அது இவ்வளவு அந்நியமா இருந்திருக்காது. இது என் ஊகம்தான். ஆனா வீடியோவால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்க, பாங்காங் கதையை விளக்கணும்.

எதிர்வாதம் இன்னொண்ணு, இது கொஞ்சம் கனமானது. கேமரா வந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா குப்பை வரும், ஏரியைச் சும்மா விடறதே நல்லதுன்னு. தனுஷ்கோடியைப் பார்த்தவங்க இதைச் சுலபமா மறுக்க முடியாது. பழவேற்காட்டுச் சேற்றுத் திட்டில் பூநாரை மேயுற நேரத்தில் வண்டியை இறக்கி வட்டமடிக்கிறவங்களையும் பார்த்திருக்கேன். கரை மேலே வண்டி ஏத்துறதும் அதே தப்புதான், மழைக்காலத்தில் சக்கரத் தடம் வழியா தண்ணி இறங்கி மண் அரிக்கும். நான் கேட்கிறது கீழே நிறுத்திட்டு நடந்து ஏறுற வீடியோ. அதுக்குப் பெரிய கூட்டம் சேராதுங்கிறது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாவும் இருக்கு.

அப்படி ஒண்ணு எடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன். பாலாற்றில் தொடங்குங்க. கம்பன் கால்வாயை ஒட்டி, மேப்பை மூடிட்டு, "இந்தத் தண்ணி எங்கே போகுது"ன்னு ஆள் ஆளாக் கேட்டுக்கிட்டே வரணும். நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தா அன்னைக்குப் பொழுது அங்கேயே. ஏகனாபுரம் வழியில் வரும். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பின்னாடி ஆலைகளின் கூரை தெரியும், அதையும் எடுங்க. அங்கேயிருந்து செம்பரம்பாக்கம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி, சென்னையின் குடிதண்ணி. அதன் உபரி அடையாற்றில் சேரும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தப்போ சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஏரி ஒரு சங்கிலின்னு நகரம் கத்துக்கிட்ட ராத்திரி அது. அடையாற்றோடவே போனா முகத்துவாரத்துக்கு முன்னாடி குயிபிள் தீவு. ஏரிக்கரையும் ஆச்சு, தீவும் ஆச்சு. நேரா ஓட்டினா அரை நாளில் முடிஞ்சுடும், மூணு நாள் எடுத்துக்கிட்டாத்தான் வழி பிடிபடும்.

போக நல்ல நேரம் கார்த்திகையிலிருந்து மார்கழி வரை, கலங்கலில் தண்ணி வழியறதைப் பார்க்கலாம். சித்திரையில் போனா பாதி ஏரியில் ஒண்ணும் இருக்காது, மதகோட அடிக்கல் வரைக்கும் வெளியே தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும். தண்ணி பாட்டில் மட்டும் ரெண்டு சேர்த்து எடுத்துக்குங்க.